கைப்பிடி எங்கே வைப்பது?

சைடுகார் என்றதும் நம் ஊர் ஆட்களுக்கு ‘ஷோலே’ படத்தில் அமிதாப்பும் தர்மேந்திராவும் பாடிக்கொண்டே ஓட்டிப் போகும் வண்டிதான் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம், “பந்தய சைடுகாருக்கு பிரேம் செய்கிறேன்” என்றால், “அதில் போய் என்ன பந்தயம்?” என்று சிரிப்பார்கள். பந்தய வண்டியில் மோட்டார் சைக்கிளோடு போல்ட் போட்டு மாட்டிய பெட்டி எதுவும் கிடையாது. முழுக்க ஒரே பிரேம். ஓட்டுநர் முழங்காலிட்டு, நெஞ்சைத் தாழ்த்தி, ஏறக்குறையக் குப்புறப் படுத்த நிலையில் ஓட்டுவார். அவர் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண்கூட உயரமில்லாத தட்டு. அதில் இன்னொருவர். அவர்தான் பாசஞ்சர். அவருக்கு இருக்கை இல்லை, பெல்ட் இல்லை. பிடித்துக்கொள்ளச் சில கம்பிகள் உண்டு, அவ்வளவுதான்.

நான் திருச்சியில் பாய்லர் குழாய்களில் வெல்டிங் கற்றவன். மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தபோது கூடவே வந்தேன். மத்திய இங்கிலாந்தில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் நடந்த சிறிய பட்டறையில் வேலை அமைந்தது. முதலாளி தன் இளமையில் பாசஞ்சராக ஓடியவர்; இரண்டு முழங்கையிலும் அதற்கான தழும்புகள் உண்டு. எனக்கு வைத்த சோதனை எளிது. ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் உள்ள இரண்டு குழாய்களைச் சாய்வாகப் பொருத்தி டிக் வெல்டிங் செய்யச் சொன்னார். ஆறியதும் நெடுக்கில் அறுத்து உள்பக்கத்தைப் பார்த்தார். பாய்லர் வேலையில் உள்பக்கம்தான் பரீட்சையே. அதனால் எனக்கு அது புதிதில்லை. புதிதாக இருந்தது வேறு. இந்த பிரேமுக்கு இடமும் வலமும் சமம் என்ற பேச்சே இல்லை.

சாதாரண மோட்டார் சைக்கிள் பிரேமில் இடப்பக்கம் ஒரு மூட்டு இருந்தால் வலப்பக்கமும் அதே மாதிரி ஒன்று இருக்கும். சூட்டில் இரும்பு இழுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். சைடுகார் பிரேமில் ஒரு பக்கம் எஞ்சினைத் தாங்கும் குழாய்க்கூடு, மறுபக்கம் தட்டைத் தாங்கும் நீண்ட கைகள். எந்த இழுப்புக்கும் எதிர் இழுப்பு கிடையாது. ஜிக்கில் இறுக்கி, எல்லா மூட்டுக்கும் முதலில் டாக் என்ற சிறு புள்ளி வெல்டு வைத்துவிட்டு, ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று சுற்றி வர வேண்டும். ஆறும்வரை கழற்றவே கூடாது. அவசரப்பட்டு ஒரே மூலையை முடித்தால், ஜிக்கிலிருந்து எடுத்ததும் தட்டின் முனை ஒரு நூல் மேலே எழும்பி நிற்கும். ஒரு நூல்தானே என்று விட முடியாது. அந்த முனையில்தான் மூன்றாவது சக்கரம் வருகிறது. பழைய ஆட்கள் ரெனால்ட்ஸ் 531 குழாயை வெண்கலக் கம்பி கொண்டு பிரேசிங் செய்தார்கள். சூடு குறைவு, இழுப்பும் குறைவு. அந்த மூட்டுகளின் நேர்த்தியை இன்றும் மியூசியத்தில் நின்று பார்க்கிறேன்.

ஒரு புது வண்டிக்கு ஆர்டர் வந்தால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி எஞ்சினைப் பற்றியதாக இருக்காது. “பாசஞ்சர் யார்? உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, கை எவ்வளவு நீளம்?” என்றுதான் கேட்பார். ஆரம்பத்தில் எனக்கு இது விநோதமாகப் பட்டது. மூன்று தராசுகளை வாங்கி வைத்து வண்டியை அவற்றின் மேல் ஏற்றியபோதுதான் விஷயம் விளங்கியது.

நாலு சக்கரக் காரில் ஒரு மூலை ஸ்பிரிங்கைக் கொஞ்சம் திருகினால் எதிர் மூலைக்குப் பாரம் கூடும். பந்தயக் கார்க்காரர்கள் பாதி நாள் இந்த வேலையில்தான் இருப்பார்கள். மூன்று சக்கர வண்டியில் அந்த விளையாட்டு நடக்காது. முக்காலியின் காலுக்குக் கீழே எந்த அட்டையைச் செருகினாலும் அது ஆடாது அல்லவா, அப்படித்தான். மூன்று புள்ளிகளில் நிற்கும் பொருளில் எந்தப் புள்ளிக்கு எவ்வளவு பாரம் என்பதை அதன் ஈர்ப்பு மையம் மட்டுமே முடிவு செய்கிறது. ஸ்பிரிங்கைத் திருகினால் வண்டி சற்றுச் சாயும், நிமிரும். தராசு முள் அசையாது. முள்ளை அசைக்க வேண்டுமானால் எடை இடம் மாற வேண்டும். ஓடுகிற வண்டியில் இடம் மாறக்கூடிய எடை ஒன்றே ஒன்று: பாசஞ்சர்.

கணக்குக்காகச் சில எண்கள் வைத்துக்கொள்வோம். வண்டி 230 கிலோ, ஓட்டுநர் 75, பாசஞ்சர் 65, மொத்தம் 370. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் கோட்டிலிருந்து பக்கச் சக்கரம் 1.1 மீட்டர் தள்ளி இருக்கிறது. வண்டியின் எடை அந்தக் கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது. ஓட்டுநர் கோட்டின் மேலேயே இருக்கிறார். பாசஞ்சர் தட்டின் நடுவில் பதுங்கியிருந்தால் மொத்த ஈர்ப்பு மையம் கோட்டிலிருந்து 28 சென்டிமீட்டரில் வரும். பக்கச் சக்கரத்தின் மேல் சுமார் 95 கிலோ. அவரே சக்கரத்துக்கும் வெளியே, 1.2 மீட்டர் தூரத்துக்கு உடம்பைத் தொங்கவிட்டால் மையம் 40 சென்டிமீட்டருக்குப் போகும். சக்கரத்தின் மேல் 134 கிலோ. ஈர்ப்பு மையத்தின் உயரம் 40 சென்டிமீட்டர் என்றால், பதுங்கியிருந்தபோது வளைவில் 0.7 ஜி விசையிலேயே சக்கரம் தூக்கும். வெளியே தொங்கினால் கிட்டத்தட்ட 1 ஜி வரை தாங்கும். 65 கிலோ ஆள் ஒருவர் இரண்டு அடி நகர்ந்ததற்கு இத்தனை வித்தியாசம். எஞ்சினில் எவ்வளவு செலவு செய்தாலும் ஒரு வளைவில் இந்த லாபம் கிடைக்காது.

எங்கள் வண்டிகளில் தட்டு பெரும்பாலும் இடப்பக்கம். சாலையில் இடப்பக்கம் ஓட்டும் நாட்டின் வழக்கம் இது. விதிப்படி எந்தப் பக்கமும் இருக்கலாம். இடது வளைவில் பக்கச் சக்கரம் தூக்கப் பார்க்கும், பாசஞ்சர் வெளியே தொங்குவார். படங்களில் எல்லோரும் பார்ப்பது இந்தக் காட்சிதான். சிக்கலானது வலது வளைவு. அப்போது பாரமெல்லாம் பக்கச் சக்கரத்துக்குப் போய், பின் சக்கரம் லேசாகும். எஞ்சினின் சக்தி முழுதும் பின் சக்கரம் வழியாகத்தான் போகிறது. அது லேசானால் சும்மா சுழலும். எனவே பாசஞ்சர் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஏறி, பின் சக்கரத்தின் மேலேயே மார்பை வைத்து, வலப்பக்கமாகச் சாய வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே வலது வளைவுக்குள் நுழைந்தால் இன்னும் மோசம். பாரம் முன்னாலும் இடப்பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும். வண்டி கவிழ்வதானால் பக்கச் சக்கரத்தையும் முன் சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோட்டின் மேல்தான் கவிழும்.

இந்தச் சாய்கோட்டை மனத்தில் வைத்துத்தான் பக்கச் சக்கரத்தைப் பின் சக்கரத்துக்கு நேராக வைக்காமல் சற்று முன்னால் தள்ளி வைக்கிறோம். எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு அந்தக் கோடு வண்டியின் எடையிலிருந்து விலகும், வலது வளைவில் தைரியம் வரும். இலவசமாக வராது. பின் சக்கரத்தின் அச்சுக்கு நேராக இல்லாத சக்கரம் வளைவில் சுத்தமாக உருளாது. கொஞ்சம் உரசிக்கொண்டே போகும். டயர் தேயும், வண்டி திரும்ப அடம்பிடிக்கும். எவ்வளவு தள்ளுவது என்பதில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு நம்பிக்கை. எங்கள் முதலாளி கனமான பாசஞ்சருக்குக் கொஞ்சம் குறைப்பார், லேசான பாசஞ்சருக்குக் கூட்டுவார். எந்தப் புத்தகத்திலும் இதை நான் பார்த்ததில்லை. தராசு முன்னால் நின்று யோசித்தால் சரி என்றுதான் படுகிறது.

வண்டியின் கோணல் ஆக்சிலரேட்டரிலும் தெரியும். தள்ளுகிற சக்கரம் வலப்பக்கக் கோட்டில் இருக்கிறது. எடை இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி தட்டின் பக்கம் திரும்பப் பார்க்கும். விட்டாலோ பிரேக் பிடித்தாலோ எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால்தான் பக்கச் சக்கரத்திலும் பிரேக் வைத்து, பெரும்பாலான வண்டிகளில் மூன்றையும் ஒரே மிதியில் இணைக்கிறார்கள். சக்கரத்தின் மூக்கைச் சில மில்லிமீட்டர் உள்பக்கம் திருப்பி வைப்பதும் இந்த இழுப்பைச் சமாளிக்கத்தான். டோ-இன் பார்க்க லேசர் கருவி வந்துவிட்டது. நான் இன்னமும் இரண்டு மட்டக்கோலும் நூலும் வைத்து ஒருமுறை சரிபார்க்கிறேன். ஆட்களை வண்டியில் ஏற்றிய பிறகு பார்க்க வேண்டும் என்பது முக்கியம். காலி வண்டியில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

இந்த வண்டிக்கு இந்த உருவம் ஒரே நாளில் வரவில்லை. 1923ல் ஐல் ஆஃப் மேன் தீவில் முதல் சைடுகார் டிடி பந்தயம் நடந்தபோது ஃப்ரெடி டிக்சன் டக்ளஸ் வண்டியில் ஜெயித்தார். அவருடைய சைடுகார் சாயக்கூடியது. பாசஞ்சர் வால்டர் டென்னி ஒரு நெம்புகோலை இழுத்து வளைவுக்குத் தக்கபடி சாய்ப்பார். அழகான யோசனை, ஆனால் நிலைக்கவில்லை. வண்டியைச் சாய்ப்பதைவிட ஆளைச் சாய்ப்பது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். 1949ல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது முதல் பட்டம் எரிக் ஆலிவருக்கு. வண்டி நார்ட்டன், பாசஞ்சர் டெனிஸ் ஜென்கின்சன். தாடி வைத்த குட்டையான பத்திரிகையாளர் இவர். 1955ல் மில்லே மிக்லியா கார்ப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதையின் குறிப்புகளைச் சுருளாக எழுதி வைத்துப் படித்து, கைச்சைகையால் உணர்த்திய அதே ஜென்கின்சன்தான். 1950களில் ஆலிவர்தான் இருக்கையை எடுத்துவிட்டு முழங்காலிட்டு ஓட்டும் வண்டியை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஓட்டுநரின் உடம்பு கீழே இறங்கியது, ஈர்ப்பு மையமும் இறங்கியது.

பிறகு பிஎம்டபிள்யூ வந்தது. 1954 முதல் 1974 வரை இரண்டே இரண்டு ஆண்டுகள் தவிர எல்லாப் பட்டமும் அதன் எஞ்சினுக்கே. காரணம் சக்தி மட்டும் இல்லை. அதன் இரண்டு சிலிண்டர்களும் இடமும் வலமுமாகப் படுத்த நிலையில் இருக்கும். தனி மோட்டார் சைக்கிளில் அது தொல்லை. வளைவில் சாய்ந்தால் சிலிண்டர் தரையில் உரசும். சைடுகார் சாய்வதில்லை. அங்கே படுத்த எஞ்சின் என்பது தாழ்ந்த ஈர்ப்பு மையம், வேறெதுவும் இல்லை. தனி வண்டியில் குறையாக இருந்தது இங்கே சொத்தானது.

அந்த இரண்டு விதிவிலக்குகளுக்கும் மூலம் ஒரே மனிதர்: ஹெல்முட் ஃபாத். 1960ல் பிஎம்டபிள்யூவில் சாம்பியன். 1961ல் நுர்பர்க்ரிங்கில் விபத்து. பாசஞ்சர் ஆல்ஃபிரட் வோல்கெமுட் இறந்துபோனார்; ஃபாத்துக்குப் பலத்த காயம். பிஎம்டபிள்யூவின் நல்ல எஞ்சின்கள் கைக்கு வராத நிலையில் நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத் தானே வடிவமைத்தார். ஊரான உர்சன்பாஹின் பெயரால் அதற்கு உர்ஸ் என்று பெயர். 1968ல் அதே எஞ்சினில் மறுபடி சாம்பியன். 1971ல் ஹார்ஸ்ட் ஓவெஸ்லே பட்டம் வென்றதும் இந்த எஞ்சின் வழியில் வந்த வண்டியில்தான். எங்கள் தொழிலில் எனக்கு வணங்கத் தோன்றும் ஆள் இவர். 1975, 1976ல் ரோல்ஃப் ஸ்டைன்ஹௌசன் வென்றது கோனிக் எஞ்சினில். படகின் பின்னால் மாட்டும் மோட்டாரிலிருந்து வந்த டூ-ஸ்ட்ரோக் அது. அதுவும் படுத்த எஞ்சின்தான்.

இன்று நாங்கள் வைப்பவை தனி பைக்கிலிருந்து வரும் 600 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின்கள்: ஹோண்டா சிபிஆர், யமஹா ஆர்6, சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர். இவற்றை சைடுகாரில் வைக்கும்போது வரும் பெரிய தலைவலி எண்ணெய். வெளியில் இருப்பவர்கள் இதை யோசிக்கவே மாட்டார்கள். பைக் வளைவில் சாயும்போது புவியீர்ப்பும் வளைவின் விசையும் சேர்ந்து வண்டியின் நடுக்கோட்டிலேயே கீழ்நோக்கி அழுத்தும். எஞ்சினின் அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில் இருக்கும் எண்ணெய்க்கு வண்டி சாய்ந்ததே தெரியாது. கொஞ்சம் கனம் கூடியதாக மட்டும் படும். ஒரு டம்ளர் தண்ணீரை பைக்கில் வைத்து வளைத்தாலும் சிந்தாது. சைடுகார் சாயாது. 1 ஜி விசையில் வளைந்தால் எண்ணெயின் மட்டம் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். எண்ணெய் உறிஞ்சும் வாய் காற்றை உறிஞ்சும். நீண்ட வளைவு ஒன்றில் சில விநாடி அப்படி ஓடினால் பிக்-எண்ட் பேரிங் போய்விடும்.

சம்ப்பை ஆழமாக்கி எண்ணெயைக் கூட்டலாமே என்பார்கள். ஆழமாக்கினால் எஞ்சினை உயர்த்த வேண்டும்; உயர்த்தினால் இத்தனை பாடுபட்டு இறக்கிய ஈர்ப்பு மையம் ஏறும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். ஆகவே சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து, உறிஞ்சும் வாயைச் சுற்றி ஒரு சின்ன அறை கட்டி, அதன் சுவர்களில் ஒருவழிக் கதவுகள் போடுகிறோம். எண்ணெய் உள்ளே வரும், வெளியே போகாது. கதவின் கீல் கொஞ்சம் இறுகினாலும் பயனில்லை, தளர்ந்தாலும் பயனில்லை. புது சம்ப்பை அலுமினியத்தில் வெல்டு செய்து முடித்ததும் வெந்நீர் ஊற்றி எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்ப்பேன். பெட்ரோல் டேங்கிலும் இதே கதைதான். பல வண்டிகளில் டேங்க் பாசஞ்சரின் பக்கத்தில்தான் இருக்கிறது. இருக்கும்வரை பக்கச் சக்கரத்துக்குப் பாரம். 10 லிட்டர் எரிந்தால் ஏழு கிலோவுக்கு மேல் குறையும். கடைசிச் சுற்றில் பாசஞ்சர் இன்னும் கொஞ்சம் அதிகமாக வெளியே போவதற்கு அதுவும் காரணம். அந்த நேரத்தில்தான் கை சோர்ந்திருக்கும்.

முன் ஃபோர்க் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை, சுருக்கமாகச் சொல்கிறேன். சாயாத வண்டியில் தரையின் பக்கவாட்டு விசை முழுதும் சக்கரத்தின் ஆரத்தையே நெம்புகோலாக்கி ஃபோர்க்கை வளைக்கும். டெலஸ்கோப்பிக் ஃபோர்க் அதற்குச் செய்ததில்லை. எர்னி ஏர்ல்ஸின் ஃபோர்க் வந்தது, பிறகு கார் பாணி விஷ்போன் கைகள் வந்தன. சக்கரமும் சிறுத்தது. மினி காரின் 10 அங்குலச் சக்கரங்களைக் கழற்றி மாட்டிய காலம் ஒன்று உண்டு. இப்போது 13 அங்குலம், கார் டயர் போலத் தட்டையானது. பைக்கின் வட்டமான டயர் இங்கே எதற்கும் உதவாது.

சஸ்பென்ஷன், டயர், தாழ்ந்த உடல் எல்லாம் சேர்ந்தபோது ஒருவருக்கு அடுத்த கேள்வி எழத்தானே வேண்டும்? இத்தனையும் செய்துவிட்டு ஏன் ஒரு ஆள் அங்கேயும் இங்கேயும் ஏறி இறங்க வேண்டும்? சுவிட்சர்லாந்தின் ரோல்ஃப் பிலாண்ட் 1978ல் கொண்டுவந்த பிஇஓ வண்டி அதற்கு விடை. உண்மையில் அது மூன்று சக்கரக் கார். பாசஞ்சர் கென்னி வில்லியம்ஸுக்கு அசைய வேண்டிய தேவையே ஏறக்குறைய இல்லை. அந்த ஆண்டுப் பட்டம் அதற்குத்தான். பொறியியலாகப் பார்த்தால் மறுக்க முடியாத வேலை. உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஎம் அமைப்பு அதை ஏற்கவில்லை. 1979ல் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய பாணிக்கு பி2ஏ, புதுப் பாணிக்கு பி2பி. முதலாவதில் பிலாண்டே வென்றார், இரண்டாவதில் ப்ரூனோ ஹோல்சர். பிறகு விதிகளைத் திருத்தி, பாசஞ்சரின் அசைவு வண்டியின் போக்கில் தெரிய வேண்டும் என்ற திசைக்கே கொண்டுவந்து ஒன்றாக்கினார்கள்.

பட்டறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் சண்டையில்தான் முடியும். எஞ்சின் வேலை செய்யும் பையன், “நல்ல தீர்வைச் சட்டம் போட்டுக் கொன்றுவிட்டார்கள்” என்பான். முதலாளி, “அப்படியானால் கார் ஓட்டப் போ, யார் வேண்டாம் என்றது?” என்பார். நான் முதலாளி பக்கம். வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் நாலாவது சக்கரத்தையும் வைத்துவிடலாம், பிரச்சினையே இல்லை. கோணலாக நிற்கும் ஒரு வண்டியை இரண்டு பேர் சேர்ந்து நேராக்குவதுதான் இந்த விளையாட்டு. விதிகள் திருந்திய பிறகும் சுவிட்சர்லாந்தின் லூயி கிறிஸ்டனின் எல்சிஆர் சேசிஸ்கள் எல்லாரையும் முந்தின. அலுமினியத் தகட்டில் ரிவெட்டும் பசையுமாகச் செய்த மோனோகாக், எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். எஃப்1 என்று சொல்லும் நீண்ட வகை இது. நாங்கள் செய்வது எஃப்2. குட்டை வண்டி, குழாய் பிரேம், எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால். ஐல் ஆஃப் மேனில் ஓடுவது இதுதான்.

அந்தத் தீவுக்கு ஹெய்ஷாமிலிருந்து கப்பலேறி, வண்டியோடு போவது எங்கள் ஆண்டின் பெரிய வேலை. 37.73 மைல் சுற்று, எல்லாம் சாதாரண ஊர்ச் சாலை. சைடுகார்களுக்கு மூன்று சுற்று. நடுவில் பெட்ரோல் போட நிறுத்துவதில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் பாசஞ்சர் அந்தக் கம்பிகளிலேயே தொங்க வேண்டும். 1977ல் ஜார்ஜ் ஓ’டெல் சராசரி 100 மைல் வேகத்தைத் தாண்டினார். பென், டாம் பர்ச்சால் சகோதரர்கள் 2023ல் 120ஐத் தாண்டினார்கள். பட்டறையின் வழவழத்த தரையில் சரியாக நின்ற வண்டி ப்ரே ஹில்லின் அடிவாரத்தில் வேறு வண்டியாகிவிடும். இறக்கத்தின் முடிவில் மொத்த எடையும் கீழே அமுங்கி, தட்டின் அடி தார்ச்சாலையைத் தேய்க்கும். பல்லா பாலத்தில் மூன்று சக்கரமும் தரையை விட்டு எழும். அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதிலேயே ஸ்பிரிங்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தாழ்ந்த அகலமான வண்டிக்குக் கீழே காற்று புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006 பயிற்சி ஓட்டம் சாட்சி. டேவ் மாலினோ அந்தத் தீவின் மகன். சைடுகார் டிடியில் 17 முறை வென்றவர். தன் வண்டியைத் தானே கட்டுபவர். ரென்கல்லன் அருகில் அவருடைய வண்டி அதிவேகத்தில் மூக்கைத் தூக்கி, பின்பக்கமாகக் கவிழ்ந்து எரிந்தது. அவரும் பாசஞ்சர் க்ரெய்க் ஹாலமும் உயிர் பிழைத்தார்கள். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. 2022 டிடியின் விபத்துகளில் சைடுகார்க்காரர்கள் மட்டும் நாலு பேரை இழந்தோம். அவர்களில் இருவர் தந்தையும் மகனும். அந்த வாரம் பேடாக்கில் யாரும் யாரிடமும் எஞ்சின் பற்றிப் பேசவில்லை. வண்டியின் மூக்குக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்கள் நினைவுக்கு வரும். அளவை இரண்டு முறை எடுப்பேன்.

எல்லாம் முடிந்து கடைசியாக வருவது கைப்பிடிகள். வண்டி கிட்டத்தட்டத் தயாரான பிறகு பாசஞ்சர் வந்து, முழு லெதர் உடையும் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு ஏறுவார். உடையில்லாமல் எடுத்த அளவு செல்லாது. கையுறை போட்ட விரலுக்கு ஒன்றே கால் அங்குலக் கம்பி தடிமனாகப் படும். தரையில் நிற்கும் வண்டியில் இடது வளைவு, நேர்ச்சாலை, வலது வளைவு என்று ஓட்டுநர் சத்தம் போட, அவர் மாறி மாறி நகர்வார். கை இயல்பாக எங்கே போய் விழுகிறதோ அங்கே நான் மாஸ்கிங் டேப் ஒட்டுவேன். நேர்ச்சாலையில் தலை தாழ்த்திப் பிடிக்க முன்னால் ஒன்று. வெளியே தொங்கும்போது இழுத்துப் பிடிக்க உள்பக்கம் ஒன்று. பின் சக்கரத்தின் மேல் ஏறும்போது ஓட்டுநருக்குப் பின்னால் வலப்பக்கம் ஒன்று. ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும் நடுவில் இரண்டு கையும் காலியாக ஒரு கணம்கூட இருக்கக் கூடாது. இதுதான் சட்டம். அப்புறம் செயின் கவசம், சூடான எக்ஸாஸ்ட், முழங்கால் ஊன்றும் இடத்தில் வழுக்காத பட்டை, எல்லாவற்றையும் அதே அசைவை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் கட்டிய வண்டிக்கு வந்த பாசஞ்சர் ஒரு பெண். 1954லேயே இங்கெ ஸ்டோல் என்ற ஜெர்மானியப் பெண் டிடியில் பாசஞ்சராக ஓடிவிட்டார். எங்கள் தொழிலில் அது புதுமை இல்லை. இவர் முன்பு அந்த ஓட்டுநரோடு ஓடியவரைவிட ஒரு சாண் குட்டை, எடையும் குறைவு. பக்கச் சக்கரத்தை முதலாளி வழக்கப்படி முன்னால் தள்ளியாயிற்று. மூன்றாவது கைப்பிடியில் சிக்கியது. அவர் பின் சக்கரத்தின் மேல் ஏறும்போது கை போய் விழுந்த இடத்துக்குச் சரியாகக் கீழே எக்ஸாஸ்ட் குழாய்.

“கம்பியை இரண்டு விரல் பின்னால் நகர்த்தினால் உங்களுக்கு எட்டுமா?” என்று கேட்டேன்.

“எட்டும். ஆனால் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும்” என்றார்.

முதலாளி எக்ஸாஸ்ட் செய்கிறவருக்கு போன் போட்டார். குழாயை அந்த இடத்தில் வளைத்தால் மேல்வேகத்தில் இரண்டு குதிரைத்திறனாவது போகும் என்று அவர் அங்கிருந்து கத்தியது எனக்கே கேட்டது. போகட்டும் என்றார் முதலாளி. நான் டேப் ஒட்டியிருந்த இடத்தில் கம்பிக்கு டாக் வைத்தேன். குழாய் மறுவாரம் வளைந்து வந்தது.